அப்பா நேர்ந்த அக்கா

சாம்பல் புதன் வந்தாலே எங்கள் கைத்தொலைபேசிக் குழு பாவசங்கீர்த்தனத் தொட்டியாக மாறிவிடுகிறது. ஒருத்தி சொக்லேட்டை விட்டுவிட்டாளாம். ரொறன்ரோவில் இருப்பவன் நாற்பது நாளைக்குக் கிரிக்கெட் பார்க்கமாட்டானாம். பாரிசில் இருக்கிற எங்கள் பழைய வகுப்புத் தலைவன் மரக்கறிக்கு மாறி, அந்த மரக்கறியைப் படமும் எடுத்துப் போட்டிருக்கிறான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கத்தரிக்காய்ப் பொரியல், உருளைக்கிழங்குப் பிரட்டல், பருப்பு, அப்பளம், மோர்மிளகாய், ஓரத்தில் ஒரு கோப்பை பாயசம். இப்படி ஒறுத்தல் என்றால் வருஷம் முழுக்கச் செய்ய நானும் தயார்.

கோபிக்காதீர்கள். நாங்கள் எல்லோரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். பாதிப் பேருக்குச் சீனியையும் உப்பையும் டொக்டரே நிறுத்திவிட்டார். அதையும் ஆண்டவருக்காக விட்டோம் என்று எழுதுகிறீர்களே, அதுதான் தாங்கமுடியவில்லை.

ஒறுத்தல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பல் கூசும். அதற்குக் காரணம் ஒரேயொரு தபசு காலம். எனக்கு அப்போது ஒன்பது வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. நீங்களும் அந்தத் தீவில், அந்தக் கோயிலில், அதே ஓலைப்பாயில் என்னோடு முழந்தாளில் நின்றவர்கள்தான். வெளியே நடந்ததெல்லாம் பார்த்தீர்கள். வீட்டுக்குள் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அக்காவின் கையில் இந்தத் தொலைபேசி இல்லை என்ற துணிவில் எழுதுகிறேன். வாசித்தால் "உனக்கு வேறை வேலை இல்லையோ?" என்று கேட்பாள்.

எங்கள் வீட்டில் தபசு காலத்தை அறிவிப்பவர் அப்பா. பங்குச் சுவாமி நெற்றியில் பூசிவிட்ட சாம்பல் உதிர முன்னமே விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்து, இந்த வருஷம் வீடு எதை விடப்போகிறது என்று சொல்லுவார். வீடு என்றால் அம்மா, அக்கா, நான். அந்த வருஷம் முதலில் சீனி போனது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். அது எங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று கண்டதும் இரண்டாம் கிழமை பனங்கட்டியும் போனது. தலையணை போனது. மீனும் போனது. கடலுக்குப் போகிறவர் வீட்டில் மீன்! மற்றச் சனத்துக்கு இறைச்சி எப்படியோ எங்களுக்கு மீன் அப்படி, ஆகவே எங்கள் வீட்டில் மீன்தான் இறைச்சி என்பது அப்பாவின் வாதம். விடிய அவர் கொண்டுவந்து இறக்குகிற ஓராவும் ஒட்டியும் விளைமீனும் கூடையோடு சந்தைக்குப் போகும். நாங்கள் முருங்கையிலைச் சுண்டலைப் பார்த்துக்கொண்டு இருப்போம். எங்கள் பூனை மூன்றாம் நாளே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அதற்கு அந்தச் சுதந்திரம் இருந்தது.

சுருட்டு மட்டும் போகவில்லை. அது கடற்குளிருக்கு மருந்து என்று அப்பா சொல்லுவார். பங்குனி வெயிலில் விறாந்தைச் சீமெந்து கால் வைக்க முடியாமல் கொதிக்கும். அதில் இருந்துகொண்டு குளிருக்கு மருந்து பிடிப்பார். புகை முற்றம் தாண்டிக் கிடுகுவேலிக்கு மேலால் போகும்.

"மருந்தெண்டால் எனக்கும் ஒண்டைத் தாருங்கோவன், எனக்கும் இடுப்பு நோகுது" என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

"தபசு காலத்திலை பகிடி கதைக்காதையும்" என்றார் அப்பா.

எனக்கும் ஒறுத்தல் இருந்தது. மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்கு ஆளுக்கொரு கடதாசி தந்தார்களே, சிலுவை கீறி, அதற்குள் கட்டம் கட்டமாகப் பிரித்து? ஒரு ஒறுத்தலுக்கு ஒரு கட்டத்துக்கு ஊதா நிறம் தீட்ட வேண்டும். உங்கள் எல்லோருக்கும் முதல் என் சிலுவை நிறைந்ததே, எப்படி என்று இப்போது சொல்லிவிடுகிறேன். பாகற்காயை விட்டேன். வெந்தயக் குழம்பை விட்டேன். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டேன், அதற்கு அம்மாவிடம் அடியும் வாங்கினேன், அடி வாங்கியதற்கும் ஒரு கட்டம் தீட்டினேன். இந்த மாதிரி ஒறுத்தலில் எங்கள் வீட்டில் நான்தான் முதல் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்பாவைக் கெட்ட மனிதர் என்றும் எண்ணிவிடாதீர்கள். தாலியறுத்த வீடுகள் இரண்டுக்கு அவர் வள்ளத்தில் இருந்து நாள் தவறாமல் கறிக்கு மீன் போகும். செபமாலை சொல்லும்போது அவர் குரல் உடையும். நடிப்பு ஒன்றும் இல்லை. அவருக்கு ஆண்டவரில் உண்மையான பாசம். அந்தப் பாசத்தில் கையில் அகப்பட்டதையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடுவார். அது யாருடையது என்று பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இனி நேர்த்திக் கதைக்கு வருகிறேன். அந்தத் தபசுக்கு முந்திய மார்கழி. வாடைக்காற்று இரண்டு நாளாக முறுக்கிக்கொண்டு நின்றது. அப்பாவும் சித்தப்பாவும் போன வள்ளம் விடிய வரவேண்டியது, மத்தியானமாகியும் வரவில்லை. கரை முழுக்கச் சனம். அம்மா கோயில் படியில் இருந்து எழும்பவே இல்லை. பின்னேரம் மூன்று மணிபோல, பாய் கிழிந்து, ஒற்றைத் துடுப்போடு வள்ளம் கரைக்கு வந்தது. சித்தப்பா இறங்கி மணலில் குப்புறப் படுத்துச் சத்தி எடுத்தார். அப்பா நேரே முழந்தாளில் விழுந்து, கோயில் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் விரித்தார்.

"மாதாவே, கரை சேர்த்தாய். நான் சொன்ன சொல்லு மாறன். என்ரை மூத்த பிள்ளையைக் கன்னியர் மடத்துக்குத் தாறன் எண்டு நேந்தனான். தாறன், எடுத்துக்கொள்!"

அக்கா பக்கத்திலேதான் நின்றாள். ஒரு கையில் அவருக்குப் போர்க்கவென்று உலர்ந்த சாரம், மற்றக் கையில் தேத்தண்ணிக் கேத்தல். கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற அத்தனை கண்ணும் திரும்பி அவள் மேல் விழுந்தன. அவள் முகம் வெளிறிப்போனது. வாய் ஏதோ சொல்லத் திறந்து மூடியது. "பாக்கியம் செய்த பிள்ளை" என்று யாரோ ஒரு பெண் அவள் முழங்கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அக்கா அப்பாவின் தோளில் சாரத்தைப் போட்டு, கோப்பையில் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தாள். அதை ஊர் முழுக்கச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது.

சித்தப்பா நேர்ந்தது ஆறு மெழுகுதிரி. அடுத்த ஞாயிறு பூசைக்குப் போய்க் கொளுத்திவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தார். அவர் வீட்டில் அதற்குப் பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை.

எங்கள் வீட்டில் அன்று பொழுதுபட முன்னமே தொடங்கிவிட்டது. குசினிக்குள் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார். "இஞ்சேருங்கோ, உயிர் உங்கடை. நேந்தது நீங்கள். போறது அவளோ?"

"ஆபிரகாம் மகனைக் குடுக்கேல்லையோ?"

"ஆபிரகாமின்ரை பெண்சாதியை ஆரும் கேட்டவையோ?"

அப்பா விறாந்தைக்குப் போய்ச் சுருட்டைப் பற்றவைத்தார்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து அக்கா யாழ்ப்பாணத்து மடத்துக்குப் போவதென்று முடிவாயிற்று. அந்தத் தபசு காலம் முழுக்க வீடு கலியாண வீடா செத்த வீடா என்று தெரியாத மாதிரி இருந்தது. அப்பாவின் தமக்கை, எங்கள் மாமி, விடிய வந்தால் பின்னேரம் வரை போகமாட்டார். வெள்ளைத் துணி வாங்கி வந்து தைத்தார், கஞ்சி போட்டார், மடித்தார், பிறகு விரித்துத் திரும்பவும் மடித்தார். அவருக்குத் தையலில் அலுத்தபோதெல்லாம் அக்காவின் அலுமாரியைத் திறப்பார். கதவைத் திறந்தால் பூச்சியுருண்டை வாசமும் அக்காவின் பவுடர் வாசமும் கலந்து வரும்.

"மடத்திலை உது தேவைப்படாது" என்பார் மாமி. ஒவ்வொரு 'உது'வுக்கும் ஒரு பொருள் போகும். கைமணிக்கூடு மாமியின் மகளுக்குப் போனது. இரண்டு நல்ல சேலையும் சித்தி வீட்டுக்கு. பச்சைக்கல் தோட்டை அப்பாவே கழற்றச் சொல்லி மாதாவின் சுரூபத்துக்குக் கொடுத்தார். நாவல்பழ நிறத்தில் வெள்ளிக் கரை போட்ட பாவாடை ஒன்று, அக்கா பள்ளிக்கூடப் பரிசளிப்புக்கு உடுத்தது, அது எங்கே போனதென்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. போகிறவள் இன்னும் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டு இருக்கிறாள். அவளையே மாப்பிசையச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று அவள் சாமானைப் பங்கு போட்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குக் கன்னம் சுடுகிறது, ஏனென்றால் குடையும் கைக்கண்ணாடியும் எனக்குத்தான் கிடைத்தன. நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். வெயில் இல்லாத நேரமும் அந்த நீலக் குடையை விரித்துக்கொண்டு கோயிலுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அதுவரை கடைசிப் பாயில் இருந்த என்னை முன்பாய்க்கு அழைத்தார்கள். கன்னியாஸ்திரியாகப் போகிறவளின் தங்கச்சி அல்லவா.

அந்த நாட்களில்தான் அக்கா அழுவதைக் கண்டேன். முதல் தரம் கிணற்றடியில், நல்ல மத்தியான வெயிலில். வாளியை இழுத்து வைத்துவிட்டு, கிணற்றுக்கட்டில் நெற்றியை முட்டிக்கொண்டு தோள் குலுங்க அழுதாள். என்னைக் கண்டதும் முகத்தில் தண்ணீரை அடித்தாள். இரண்டாம் தரம் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால். மூன்றாம் தரம் கோயிலுக்குள்ளேயே. சுரூபங்கள் எல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்தன. அவள் மூடிய மாதாவுக்கு முன்னால் தனியே நின்றுகொண்டு, சேலைத்தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"ஏன் அக்கா?" என்று கேட்டேன்.

"என்னை ஒண்டும் கேக்காதை. உனக்கு விளங்காது."

எனக்கு விளங்கிவிட்டது என்றே நினைத்தேன். அக்காவுக்குப் போக விருப்பமில்லை. ஒன்பது வயதில் எல்லாம் எவ்வளவு சுலபமாக விளங்குகிறது!

குருத்து ஞாயிறுக்கு முந்திய கிழமை மடத்துத் தலைவி எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். எல்லோரும் மதர் என்று கூப்பிடுவார்கள். பண்ணைப் பாலத்தால் வந்து அல்லைப்பிட்டி, வேலணை என்று பஸ்ஸில் குலுங்கி, உடுப்பெல்லாம் செம்மண் புழுதியோடு இறங்கினார். தடித்த உடம்பு, மூச்சிளைப்பு. வந்ததும் செபம் சொல்லுவார் என்று நாங்கள் கைகூப்பி நிற்க, "முதலிலை ஒரு செம்பு தண்ணி தாங்கோ பிள்ளையள்" என்றார். எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

அப்பா பட்டுக்கரை வேட்டியும் சால்வையுமாக இருந்தார். மாமி புதிதாகத் தைத்ததையெல்லாம் மேசையில் அடுக்கி வைத்திருந்தார். மதர் அவற்றைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார்.

"பிள்ளை, இந்தச் சீவியத்துக்கு வர உமக்கு விருப்பமோ?"

"ஓம் மதர், அவவுக்கு நல்ல விருப்பம்" என்றார் அப்பா.

"எப்ப இருந்து இந்த எண்ணம் வந்தது?"

"மார்கழியிலை இருந்து, மதர். கடலிலை நான்..."

"நான் பிள்ளையைக் கேட்டனான்."

"அவ வெக்கப்படுறா, மதர். ஆக்களுக்கு முன்னாலை கதைக்கமாட்டா."

இப்படியே அரைமணித்தியாலம். அவளுக்குக் கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் அவர் மறுமொழி சொன்னார். அவளுக்கு என்ன வருத்தம் வந்தது, என்ன பாட்டுப் பிடிக்கும், எத்தனை மணிக்கு எழும்புவாள், எல்லாம். அக்கா நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். ஒருமுறை நிமிர்ந்து வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மாமி தட்டத்தோடு வந்து, "மதர், வடை எடுங்கோ" என்றார். அந்த வடையை எனக்கு இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

கை கழுவ மதர் கிணற்றடிக்கு வந்தார். நான்தான் வாளியில் தண்ணீர் ஊற்றினேன்.

"அக்கா வந்திட்டால் உமக்குக் கவலையோ?" என்று கேட்டார்.

"அக்காவுக்கு வர விருப்பமில்லை, மதர்" என்றேன். "இஞ்சை நிண்டு அழுறவ. கோயிலுக்கையும் அழுறவ. நான் மூண்டுதரம் கண்டனான்."

மதர் கைலேஞ்சியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு உள்ளே போய், கதிரையில் இருக்காமலே சொன்னார்.

"ஐயா, குறை நினையாதேங்கோ. பிள்ளையை இப்ப எங்களாலை எடுக்க ஏலாது. நேர்த்திக்கு ஆள் எடுக்கிற இடம் இல்லை அது."

"மாதாவுக்குச் சொன்ன சொல்லு, மதர்!"

"சொன்னது நீங்கள். உங்கடை கையிலை இருக்கிறதைக் குடுங்கோ."

"என்ரை மகள் என்ரை கையிலை இல்லையோ?"

"இல்லை" என்றார் மதர். அவ்வளவுதான். சுவாமியைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, வந்த பஸ் திரும்ப முன்னம் ஏறவேண்டும் என்று கிளம்பினார். நான் அன்று பின்னேரம் என் கடதாசிச் சிலுவையில் ஒரு கட்டத்தை ஊதா நிறத்தால் நிறைத்தேன். அக்காவைக் காப்பாற்றியதற்காக.

அப்பா இரண்டு நாள் விறாந்தையில் சுருட்டும் புகையுமாக இருந்தார். பிறகு சுவாமி குடியிருக்கிற அறைவீட்டுக்குப் போனார், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அங்கே நடந்ததை அம்மா பிறகு பலதரம் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் சிரித்துச் சிரித்து. எங்கள் சுவாமிக்கு வயது போய்விட்டது, காதும் கொஞ்சம் மந்தம், ஒருசந்தி என்று ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற நாட்களில் பொறுமையும் இல்லை. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, நேர்த்தியை வேறொன்றாக மாற்றித் தரலாம் என்றார். அப்பா உடனே, அப்படியானால் வீட்டில் இனி வருஷம் முழுக்கச் சீனியை விடுகிறோம் என்றார்.

"வீட்டுக் கதையை விடும். நீர் எதை விடுவீர்?"

"என்னத்தை விடுறது, சுவாமி?"

"எதை விட ஏலாது எண்டு நினைக்கிறீரோ, அதை."

அப்பாவின் சட்டைப்பையில் இருந்து சுருட்டு வாசம் அறை முழுக்க வந்துகொண்டிருந்ததாம். சுவாமி கையை நீட்டினார்.

பெரிய வெள்ளியில் இருந்து அப்பா சுருட்டை விட்டார். அன்றில் இருந்துதான் எங்கள் உண்மையான தபசு காலம் தொடங்கியது. சீனி இல்லாமல் இருந்திருக்கலாம், மீன் இல்லாமல் இருந்திருக்கலாம், சுருட்டு இல்லாத அப்பாவோடு இருக்க முடியவில்லை. கதவு சத்தம் போட்டால் கத்தினார். கதவு சத்தம் போடாவிட்டால், ஏன் எல்லோரும் பூனை மாதிரி நடக்கிறீர்கள் என்று கத்தினார். வலையைத் தைக்க இருந்தால் ஊசியை எறிந்தார். சோற்றில் கல், குழம்பில் உப்பு, கடலில் மீன் இல்லாததற்கு அம்மாவின் முகராசி. ஒரு மாதம் பொறுத்துவிட்டு அம்மா தனியே சுவாமியிடம் போனார்.

"சுவாமி, உந்த நேர்த்தியையும் ஒருக்கால் மாத்தித் தாங்கோ. நாங்கள் செத்துப்போவம்."

"அவர் தன்ரை ஒறுத்தலைச் செய்யட்டும்" என்றார் சுவாமி. "நீர் உம்மடை ஒறுத்தலைச் செய்யும். அவரைச் சகியும்."

இதைச் சொல்லும்போது மட்டும் அம்மா சிரிப்பதில்லை.

இதற்கெல்லாம் முன்னமே, உயிர்ப்புக்கு முந்திய சனிக்கிழமையே, நான் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் கோயிலுக்கென்று பூமாலை கட்டிக்கொண்டிருந்தாள். நல்ல பெயர் வாங்கலாம் என்ற ஆசையில், மதரிடம் நான் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். அக்கா மாலையைக் கீழே வைத்தாள். எழும்பி வந்து என் கன்னத்தில் அடித்தாள். வாழ்க்கையில் அவள் என்னை அடித்தது அந்த ஒரு தரம்தான்.

"ஆர் உனக்குச் சொன்னது எனக்கு விருப்பமில்லை எண்டு?"

"அழுதனீங்கள்தானே..."

"எனக்குப் பதினஞ்சு வயசிலை இருந்து இந்த விருப்பம் இருக்கு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பள்ளிக்கூடச் சோதினை முடியட்டும், அப்பாட்டை நானே சொல்லுவம் எண்டு நாள் பாத்துக்கொண்டு இருந்தனான். அதுக்கிடையிலை அவர் கடற்கரையிலை நிண்டு என்னைத் தூக்கிக் குடுத்திட்டார். இனி நான் என்னத்தைக் குடுக்கிறது?"

நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அப்ப போகலாம்தானே, அக்கா. மதருக்கு நான் கடிதம் எழுதிறன்."

"போகலாம். அப்பான்ரை நேர்த்தியாய்ப் போகலாம். அவர் உயிர் தப்பினதுக்கு நான் போற மாதிரிப் போகலாம்." அவள் திரும்ப இருந்து பூவை எடுத்தாள். நூல் முடிச்சு விழவில்லை, திரும்பவும் போட்டாள். "அதுதான் அழுதனான். உனக்கு விளங்காது எண்டு சொன்னனான்தானே."

உண்மையில் விளங்கவில்லைதான். விளங்குவதற்கு எனக்கு இருபது வருஷம் எடுத்தது. அப்பா ஒருத்தரையும் கேட்காமல் கொடுத்தார். நான் ஒருத்தரையும் கேட்காமல் தடுத்தேன். ஊர் வேடிக்கை பார்த்தது. சம்பந்தப்பட்டவளை வாய் திறந்து கேட்ட ஒரே மனிதர் பஸ்ஸில் வந்த மதர்தான், அவருக்கும் வடையைக் கொடுத்து வாயை அடைத்தோம்.

அக்கா ஆறு வருஷம் வீட்டில் இருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். மாமி ஊரெல்லாம் கொடுத்த சாமானைத் திருப்பித் தா என்று அவள் ஒருத்தரையும் கேட்கவில்லை. நான் குடையைத் திருப்பிக் கொடுத்தேன், அவள் வாங்கவில்லை. கலியாணம் பேசி வந்தவர்களை ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினாள். மடத்துக்குப் போகமுடியாத துக்கம் என்று ஊர் சொன்னது. மடத்துக்குப் போகப் பயந்தவள் என்றும் அதே ஊர்தான் சொன்னது.

இருபத்தைந்தாவது வயதில், ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, அப்பாவின் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

"அப்பா, நான் மடத்துக்குப் போகப்போறன். மதருக்கு எழுதி அவ ஓம் எண்டிட்டா."

அப்பா சந்தோஷப்படுவார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?" என்று எழும்பினார். "நான் நேந்த நேரம் போகேல்லை. உன்னாலை நான் சுருட்டை விட்டு ஆறு வருசம். இப்ப என்னத்துக்குப் போறாய்? அந்த நேர்த்தி முடிஞ்சுது!"

"அது உங்கடை. இது என்ரை."

"வயசுபோன காலத்திலை எங்களை ஆர் பாக்கிறது?"

அந்தக் கேள்வி வருமென்று அக்காவுக்குத் தெரியும், அந்த வலியோடுதான் அவள் போக முடிவெடுத்திருந்தாள். அப்பா அடுத்த நாள் என்ன செய்தார் தெரியுமா? அறைவீட்டுக்குப் போய், புதிதாக வந்திருந்த இளம் சுவாமியிடம், மகள் போகிறபடியால் பழைய நேர்த்தி நிறைவேறிவிட்டது, ஆகவே இனிச் சுருட்டுப் பிடிக்கலாமா என்று கேட்டார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டாராம், அதை நினைத்தால் எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, கோபிக்கவும் முடியவில்லை. சுவாமி முடியாது என்றுவிட்டார். அதன் பிறகு சாகும்வரை அப்பா பற்றவைக்காத சுருட்டொன்றை வாயில் வைத்துக்கொண்டு திரிந்தார். பற்றவைக்கவில்லையே, பிறகென்ன என்பது அவர் வாதம்.

அக்கா போன அன்று விடியவே அப்பா வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். காற்றும் மீனும் இல்லாத நாள், ஒருத்தரும் கடலுக்குப் போகவில்லை. அக்கா கரைக்குப் போய் அரைமணித்தியாலம் நின்றாள். வள்ளம் தூரத்தில் ஒரே இடத்தில் நின்றது தெரிந்தது. அவர் வலை போடவும் இல்லை, திரும்பவும் இல்லை. அம்மாவும் நானும்தான் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அம்மா அவள் நெற்றியில் சிலுவை போட்டார். அக்கா பஸ்ஸின் யன்னலால் எங்களைப் பார்க்கவில்லை, எங்களுக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையையே பார்த்துக்கொண்டு போனாள்.

மடத்தில் அவள் துறவு வார்த்தைப்பாடு கொடுத்த நாளுக்கும் அப்பா வரவில்லை. அம்மா யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் அப்பா நல்ல பாரைக் கருவாடாகப் பார்த்து, பனையோலைப் பெட்டியில் கட்டிக் கொடுப்பார். யாருக்கு என்று சொல்லமாட்டார். கருவாடு போகும், ஆள் போகாது. பத்து வருஷம் இப்படி.

எங்கள் சனம் தீவை விட்டுச் சிதற முன்னமே அப்பா போய்விட்டார். அந்த வகையில் அவர் அதிர்ஷ்டசாலி, சொந்த ஊர்ச் சேமக்காலையில் புதைக்க இடம் கிடைத்தது. உங்களில் சிலர் அந்தச் செத்த வீட்டுக்கு வந்தீர்கள். அக்கா வெள்ளை உடுப்பில் முன்வரிசையில் இருந்தாள். அப்போது இருந்த வேறொரு சுவாமி பிரசங்கம் வைத்தார். தன் மூத்த மகளை மனமுவந்து ஆண்டவருக்குக் காணிக்கையாக்கிய தகப்பன் என்றார். ஒருதரம் அல்ல, மூன்றுதரம் சொன்னார். கோயில் முழுக்கத் தலையாட்டியது. நீங்களும் தலையாட்டினீர்கள். எனக்கு எழும்பிக் கத்தவேண்டும் போல இருந்தது. அம்மா என் முழங்கையைப் பிடித்து இருத்தி வைத்திருந்தார். அக்கா அசையவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவளைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏன் அக்கா பேசாமல் இருந்தனீங்கள்? அவர் உங்களை மனசோடையோ அனுப்பினவர்? உங்களுக்கு முகம் காட்டாமல் கடலுக்குப் போன மனிசன். நீங்களாப் போனனீங்கள். அதைச் சொல்லக்கூடாதோ?"

அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"சனம் அவரை நல்லாச் சொல்லட்டும், விடு."

"அது உங்கடை எண்டு சொல்லித்தானே ஆறு வருசம் காத்திருந்தனீங்கள்? அதுக்குத்தானே எனக்கு அடிச்சனீங்கள்?"

"ஓம். அது எனக்குத் தெரிஞ்சால் போதும் எண்டு இப்பதான் விளங்குது." கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்தாள். "அவர் ஆசைப்பட்டது அதுதானே. தான் குடுத்ததெண்டு. இப்ப அதை அவருக்குக் குடுத்திட்டன். உனக்கு ஏன் இவ்வளவு கோபம்? போய் அந்தச் சனத்துக்குத் தேத்தண்ணியைக் குடு."

எனக்கு அவளில் வந்த கோபம் அப்பாவில்கூட அந்த அளவுக்கு வந்ததில்லை. தட்டத்தைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனேன். முதல் கதிரையில் சுவாமி இருந்தார். கோப்பையை எடுத்துக்கொண்டு, "உங்கடை அப்பா பெரிய மனிசன். ஒரு மகளையே ஆண்டவருக்குக் குடுத்தவர்" என்றார்.

குசினி வாசலில் அக்கா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம், சுவாமி" என்றேன்.